மூன்று முறை படித்தும் வெள்ளைத்தாளைப் பார்த்ததும் மறந்துபோகிறது. என் படிப்பில் எங்கே தவறு?

வெண்ணிலா_இரண்டாம்ஆண்டு (கேள்வி):

வணக்கம். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடலியல் தாளில் 100க்கு 41 வாங்கியிருக்கிறேன். தேற 50 வேண்டும். ஏழு வாரத்தில் மறுதேர்வு.

படிக்காமல் இருந்து மதிப்பெண் குறைந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொள்வேன். நான் படித்தேன். தினமும் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரை எழுந்திருக்க மாட்டேன். ஒரு பாடத்தை மூன்று முறை படிப்பது என் வழக்கம். முதல் முறை சும்மா வாசிப்பு. இரண்டாம் முறை முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மார்க்கர். மூன்றாம் முறை, மஞ்சள் போட்டதிலேயே ரொம்ப முக்கியமானதற்குப் பச்சை. அப்புறம் எல்லாவற்றையும் தனி நோட்டில் அழகாக எடுத்து எழுதுவேன். அந்த நோட்டு 140 பக்கம் வந்திருக்கிறது. மூன்றாம் முறை படிக்கும்போது அடுத்த வரி என்ன என்று எனக்கே தெரியும். அப்படித் தெரிந்த பிறகுதான் அடுத்த பாடத்துக்குப் போவேன்.

தேர்வில் "இதயத்தின் வழியாக இரத்தம் செல்லும் பாதையைப் படத்துடன் விளக்குக" என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. படித்த கேள்விதான். அந்தப் பக்கம் அப்படியே கண்ணில் நிற்கிறது: இடது மூலையில் படம், அதன் கீழே இரண்டு வரி மஞ்சள், ஓரத்தில் நான் போட்ட நட்சத்திரக் குறி. ஆனால் வலது வென்ட்ரிக்கிளுக்கு (இதயத்தின் வலது கீழறை) அப்புறம் இரத்தம் எங்கே போகிறது என்று எழுதப் பேனா நகரவில்லை. பதினைந்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்த நொடியில் "அட, இதுதானே" என்று தோன்றியது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

பக்கத்தில் உட்காரும் தோழி என்னைவிடக் குறைவான நேரம்தான் படிக்கிறாள். அவளுக்கு 68.

எனக்கு ஞாபகசக்தியே குறைவா? சிலர் கண்ணால் பார்த்துக் கற்பவர்கள், சிலர் காதால் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே, நான் எனக்கு ஒத்துவராத வழியில் படிக்கிறேனா? மூன்று மணி நேரத்தை ஐந்தாக்கினால் சரியாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விடியல்_வாசகன்:

கவலைப்படாதே அம்மா. இரவில் படிப்பதை விட்டுவிட்டு விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்துப் பார். மனம் தெளிவாக இருக்கும். வாய்விட்டுச் சத்தமாகப் படி. நான் அப்படித்தான் தேறினேன். ஐந்து மணி நேரம் ஆக்குவதும் நல்லதுதான், உழைப்பு வீண்போகாது.

கரும்பலகை:

தங்கச்சி, உன்னை நீ என்றே எழுதுகிறேன். 19 வருடமாகச் செவிலிய மாணவர்களுக்கு உடலியலும் மருந்தியலும் நடத்துகிறேன், என் வகுப்புப் பிள்ளைகள் வயதுதான் உனக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ஞாபகசக்திக்கு எந்தக் குறையும் இல்லை. இடது மூலையில் படம், கீழே மஞ்சள், ஓரத்தில் நட்சத்திரம் என்று இவ்வளவும் நினைவிருக்கிறதே! எதைப் பழகினாயோ அது நன்றாகவே பதிந்திருக்கிறது. நீ பழகியது பக்கத்தைப் பார்ப்பதை. தேர்வில் கேட்டது பக்கம் இல்லாமல் சொல்வதை. தெருவில் எதிரே ஒருவர் வந்தால் பார்த்த முகம் என்று உடனே பட்டுவிடும். பெயர் என்ன என்று யாராவது கேட்டால் தொண்டை வரை வந்து நின்றுவிடும். மூன்றாம் முறை படிக்கும்போது "அடுத்த வரி எனக்கே தெரியும்" என்று தோன்றியதே, அது அந்தப் பார்த்த முகம்தான். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போனாய். தவறு அங்கேதான் இருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படிக்கிற காலத்தில் மருந்தியல் தாளில் தோற்றேன். என் நோட்டு உன்னுடையதைப் போலவே இருக்கும், வகுப்பில் பலர் அதை வாங்கிக்கொண்டு போய்ப் படித்துத் தேறினார்கள். முடிவு வந்த அன்று விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எனக்கு மூத்த அக்கா ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் நோட்டை வாங்கி, ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். "ஆஸ்துமா இருப்பவருக்கு பிராப்ரனலால் ஏன் கொடுப்பதில்லை?" என்று கேட்டார்.

பிராப்ரனலால் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். பதில் வரவில்லை. நோட்டை எட்டிப் பிடிக்கப் போனேன், அவர் தரவில்லை. "யோசி. பிராப்ரனலால் எதை அடைக்கிறது?" பீட்டா ஏற்பிகளை, அதாவது அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை. "அவை இதயத்தில் மட்டும்தான் இருக்கின்றனவா?" அப்போதுதான் பொறி தட்டியது. அவற்றில் பீட்டா 2 என்ற வகை மூச்சுக்குழாயில் இருக்கிறது, மூச்சுக்குழாயை விரித்து வைப்பதே அதுதான், அதையும் சேர்த்து அடைத்துவிட்டால் குழாய் சுருங்கும், நோயாளிக்கு மூச்சு முட்டும். மூன்று நிமிடம் தவித்த பிறகு என் வாயால் வந்த பதில். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பதில் மட்டும் இன்னும் அசையவில்லை. இரண்டு கோடு செய்யாததை அந்த மூன்று நிமிடத் தவிப்பு செய்தது.

ஏன் அப்படி என்று பின்னாளில்தான் ஆய்வுகளில் படித்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சூரியன், கடல் நீர்நாய் போன்றவை பற்றிச் சிறு கட்டுரைகள். ஒரு குழுவுக்கு நான்கு சுற்று வாசிப்பு, சராசரியாக 14 முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, அது மூன்று நான்கு முறைதான் வரும். மற்ற மூன்று சுற்றிலும் நினைவுக்கு வந்ததை வெறும் தாளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை உலுக்கியது இன்னொன்று. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு சுற்றும் வாசித்த குழுதான். உன் மஞ்சள், பச்சை மார்க்கர் தரும் நம்பிக்கையும் அதுதான் அம்மா. 2013இல் டன்லோஸ்கியும் அவர் சகாக்களும் பத்து படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அலசினார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் வந்தன. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

இன்று இரவே ஒன்று செய். இதயப் பாடத்தை ஒரே ஒரு முறை நிதானமாகப் படி. மார்க்கர் வேண்டாம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, கை எட்டாத இடத்தில் வை. வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போடு. நீலப் பேனா. உடலிலிருந்து வரும் இரத்தம் எங்கே நுழைகிறது? பெருஞ்சிரைகள் வழியாக வலது ஏட்ரியத்துக்கு, அதாவது வலது மேலறைக்கு. சரி, அடுத்த அறைக்குப் போக ஒரு கதவு வேண்டுமே, அதன் பெயர்? மூவிதழ் வால்வு. அதைத் தாண்டினால் வலது வென்ட்ரிக்கிள். அங்கிருந்து? நீ நின்ற இடம் இதுதான். இங்கே புத்தகத்தைத் தேடாதே. இரண்டு நிமிடம் அப்படியே இரு. இந்த இரத்தத்துக்கு இப்போது எது தேவை என்று கேட்டுப் பார். ஆக்ஸிஜன். அது எங்கே கிடைக்கும்? நுரையீரலில். அப்படியென்றால் அங்கே போகும் குழாய்க்கு என்ன பெயர் இருக்கும்? இப்படி இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போ.

திரும்பி வரும் பாதையில் என் மாணவர்கள் பலர் வழுக்குவார்கள். தமனி என்றால் ஆக்ஸிஜன் உள்ள இரத்தம், சிரை என்றால் இல்லாத இரத்தம் என்று மனதில் ஊறியிருக்கும். நுரையீரலில் அது தலைகீழ். பெயர் வைத்தது திசையைப் பார்த்து: இதயத்தை விட்டுக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அதனால்தான் நான்கு நுரையீரல் சிரைகளும் ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தத்தை இடது ஏட்ரியத்தில் கொண்டுவந்து விடுகின்றன. இந்த "ஏன்" ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்த வரியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அப்புறம் ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி வால்வு, பெருந்தமனி.

எல்லாம் எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திற. விட்டதையும் தவறியதையும் சிவப்புப் பேனாவால் நிரப்பு. நீலத்தில் இருப்பது உனக்குத் தெரிந்தது. சிவப்பில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. நாளைக்கு மறுபடி வெறும் தாளிலிருந்து தொடங்கு.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்ற கவலையை விட்டுவிடு. ஒருவருடைய வகையைக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் பாஷ்லரும் மற்றவர்களும் ஆராய்ந்து எழுதினார்கள். இதயத்தைப் படமாகத்தான் கற்க வேண்டும், இதய ஒலியைக் காதால்தான் கற்க வேண்டும். எப்படிக் கற்பது என்பதைப் பாடம் சொல்லும்.

தொகையீடு:

கரும்பலகை அக்கா சொன்னதோடு கணக்குப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் பொறியியல்.

தொகை நுண்கணிதத்தில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் பயிற்சிக் கணக்கு இருக்கும். பிரதியிடல், பகுதித் தொகையிடல் இரண்டும் தொகை காணும் இரு வழிகள். பிரதியிடல் அத்தியாயத்தில் இருபது கணக்கு, எல்லாமே பிரதியிடல். பகுதித் தொகையிடலில் இருபது, எல்லாமே பகுதித் தொகையிடல். எல்லாவற்றையும் போட்டுவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. தேர்வில் "எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு எக்ஸ் வர்க்கம்" வந்தது. பகுதித் தொகையிடலில் இறங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன், கணக்கு முடியவே இல்லை. எக்ஸ் வர்க்கத்துக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். அதே கணக்கில் அடுக்கு வெறும் எக்ஸ் என்று இருந்திருந்தால் நான் எடுத்த வழி சரி. எழுத்தளவில் அவ்வளவு சின்ன வித்தியாசம்தான். எந்த வழியை எடுப்பது என்று தீர்மானிக்கும் பயிற்சி எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அத்தியாயத் தலைப்பே அதைச் சொல்லிவிடும்.

அப்புறம் எல்லா அத்தியாயக் கணக்குகளையும் துண்டுத்தாளில் எழுதிக் கலைத்துப்போட்டு, கைக்கு வந்ததைப் போட ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் நிறையத் தப்பாகும், மனசு விட்டுப்போகும். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் இதையே சோதித்திருக்கிறார்கள். நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகள். வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகை வகையாகப் போட்டவர்களுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63.

உங்கள் பாடத்திலும் இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றிலிருந்தும் கேள்விகளைக் கலந்து வைத்துக்கொள்ளலாம். கொஞ்சமாவது புரிந்த பிறகு கலக்குங்கள், முதல் நாளே வேண்டாம்.

இரவுப்பணி:

விடியல் வாசகன் அண்ணா சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. நான் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன். நான்கு மணிக்கு எழுந்தால் பத்து மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும். வெண்ணிலா பதினொன்று வரை படித்துவிட்டு நான்குக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. அது வேண்டாம். ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924லேயே காட்டியது இது: மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினால் மறப்பது குறைவு, அதே நேரம் விழித்துத் திரிந்தால் மறப்பது அதிகம். படித்ததைத் தூக்கம் காப்பாற்றுகிறது. மணிக்கணக்கைவிட அது முக்கியம்.

கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஓடுகிறது. சிலருக்கு 40 ஒத்துவரலாம்.

வெண்ணிலா_இரண்டாம்ஆண்டு:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன்.

கரும்பலகை அக்கா, நீங்கள் சொன்னதை அன்று இரவே செய்தேன். ஒரு முறை படித்துவிட்டு மூடினேன். தாளில் வந்தது ஏழு வரி. ஏழே ஏழு. அதில் இரண்டு தப்பு. ஒரு பாடத்துக்கு அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் முன்பெல்லாம் இரண்டு பாடம் முடித்திருப்பேன். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்ததைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் நாள் வேறு பாடத்துக்குப் போனேன், மறுபடி அதே சிவப்பு.

ஒன்று மட்டும் நடந்தது. நேற்று பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது நான் கேட்காமலே மூவிதழ், நுரையீரல் வால்வு, ஈரிதழ், பெருந்தமனி வால்வு என்று நான்கும் வரிசையாக வந்தன. இதுவரை எனக்கு அப்படி வந்ததே இல்லை.

ஆனாலும் பயமாக இருக்கிறது. பதினான்கு பாடம் இருக்கிறது, ஆறு வாரம்தான் மிச்சம். இந்த வேகத்தில் போனால் முடியுமா?

கரும்பலகை:

முடியும். பேருந்தில் நடந்ததை முதலில் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள், தளரும்போது எடுத்துப் பார்.

ஏழு வரி என்று அழுதாயே, மூன்று முறை படித்துவிட்டுத் தேர்வு எழுதப் போனபோதும் உள்ளே அந்த ஏழு வரிதான் இருந்திருக்கும். அன்று அது தேர்வு அறையில் தெரிந்தது. இன்று உன் மேசையில், ஆறு வாரம் முன்னால் தெரிகிறது. சிவப்பைப் பார்த்து வலிப்பது இயல்புதான், ஆனால் அதற்காக மார்க்கரிடம் திரும்பிப் போய்விடாதே. தவித்து எடுக்கும் அந்த நேரத்தில்தான் பாடம் உள்ளே போகிறது. மெதுவாகத்தான் போகும்.

வேகத்துக்கு வருகிறேன். ஒரு பாடத்தை ஒரே இரவில் முழுதாக முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விடு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், 1885இல் நினைவைப் பற்றி நூல் எழுதியவர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டவர். ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொன்ன பலன், மூன்று நாளுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்தது. பாதியை நெருங்கும் மிச்சம். உனக்கு இப்போது தேவை அந்த மிச்சம்தான்.

தினமும் மூன்று மணி நேரம் இருக்கிறதல்லவா? முதல் அரை மணி நேரம் பழைய பாடங்களின் சிவப்பு. அதன் பிறகு புதுப் பாடம், வாசிப்பு ஒரு பங்கு என்றால் தாளில் எழுதிப் பார்ப்பது இரண்டு பங்கு. ஒவ்வொரு பாடமும் மறுநாள் ஒரு முறை திரும்பி வரட்டும், அப்புறம் ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அதன்பின் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது. ஒரு வாரம் என்று நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இடைவெளி விடுவது நல்ல பலன் தரும் என்பது செபீடா குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்த கணக்கு. ஆறு வாரத்துக்கு அது நான்கு நாளிலிருந்து எட்டு நாள்.

சின்னச் சின்ன விஷயங்களுக்கு அட்டை போடு. லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய நூலில் சொன்ன பெட்டி முறை: ஐந்து அறை உள்ள பெட்டி, எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார், மற்றவற்றைத் தள்ளித் தள்ளிப் பார். பெட்டி முக்கியமில்லை, ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு போதும்.

அட்டையில் எழுதும் கேள்விதான் முக்கியம். மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் அட்டைகளில் "சிறுநீரகத்தின் பணிகள்" என்று தலைப்பு இருக்கும், பின்னால் பாதிப் பக்கம் எழுதியிருக்கும். அது நோட்டையே வெட்டி வைத்த மாதிரி. இப்படி எழுது: "குளோமெருலஸில் (சிறுநீரகத்தின் வடிகட்டி) ஒரு நாளைக்கு வடிகட்டப்படுவது ஏறத்தாழ 180 லிட்டர். வெளியே போகும் சிறுநீர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். மிச்சம் எங்கே போனது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் நெஃப்ரான், அதாவது சிறுநீரை உண்டாக்கும் நுண்குழாய் அலகு, முழுவதையும் நடந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஏட்டுச்சுவடி:

நான் தமிழ் இலக்கியம் படிப்பவள், உடலியலில் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது நன்னூல் ஞாபகத்துக்கு வந்தது. பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். அதன் பாயிரத்தில் மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அதில் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. கேட்டதைச் சிந்திப்பது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது எல்லாவற்றையும் மாணவனின் கடமையாக அதே இடத்தில் அடுக்குகிறார்.

வெண்ணிலா, உங்கள் தோழி எப்படிப் படிக்கிறாள் என்று அவளிடமே கேட்டீர்களா?

வெண்ணிலா_இரண்டாம்ஆண்டு:

கேட்கவில்லை அக்கா. நீங்கள் சொன்ன பிறகுதான் கேட்டேன். அவளைவிட நான் குறைந்தவள் என்று காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, அதுதான் உண்மை.

அவள் வீட்டில் தம்பி பள்ளியில் படிக்கிறான். பாடம் முடிந்த அன்றே அவனை உட்காரவைத்துக் கதை மாதிரி சொல்வாளாம். அவன் நடுவில் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம், பதில் தெரியாத இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம். படிப்பு என்று தனியாக உட்கார்வது குறைவாம். நான் அவளைப் பார்க்காத நேரத்தில் எல்லாம் அவள் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்வது என்று பேசியிருக்கிறோம். ஆளுக்குப் பத்து அட்டை, கலைத்துப்போட்டு மாற்றி மாற்றிக் கேட்பது. நேற்று முதல் நாள். 180 லிட்டர் அட்டையை அவளிடம் நீட்டினேன். அண்மைச் சுருண்ட நுண்குழலில் பெரும்பங்கு திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று கடகடவென்று ஆரம்பித்தவள், நுண்குழல் இறங்கி ஏறும் ஹென்லே வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். இறங்கும் பக்கம் தண்ணீரை விடுமா, ஏறும் பக்கம் விடுமா?

எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. புத்தகம் என் பையில்தான் இருந்தது. இரண்டு நிமிடம் திறக்காமல் இருந்தோம். ஏறும் பக்கத்தின் தடித்த பகுதி உப்பை மட்டும் வெளியே தள்ளுகிறது, தண்ணீரை விடாது, அதனால்தான் சுற்றியுள்ள திசுவில் உப்பு கூடுகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் அந்த உப்பு இழுக்கும் தண்ணீர் இறங்கும் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்றாள் அவள். அப்புறம்தான் புத்தகத்தைத் திறந்தோம். சரியாக இருந்தது.